நடுராத்திரி அழும் பாப்பாவும் தணிகைமலை முருகனும்

ஓம் சரவணபவ!

இன்றைய பதிவு புதுசா அப்பா, அம்மா ஆகியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு, இன்னொரு கையில் போனோடு இதைப் படிக்கிறீங்கன்னா, இது உங்களுக்குத்தான்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் மதியம் ரெண்டு மணி, அதுக்கடுத்து ராத்திரி பத்து மணி. எங்க பாப்பா ஏழு மாசம் வரைக்கும் தங்கம். எட்டரைக்குத் தூங்கினா, நடுவுல ஒரு தடவை பால் குடிச்சிட்டு விடியற வரை தூங்குவா. எட்டாவது மாசம் திடீர்னு எல்லாம் மாறிப்போச்சு. பன்னெண்டரைக்கு அழுகை, ரெண்டு மணிக்கு அழுகை, மறுபடி மூணே காலுக்கு. தூளி ஆடினா தூங்குவா. ஆட்டுற கை நின்னா முழிச்சுக்குவா.

அம்மா கண்ணேறுன்னு சொல்லி உப்பு, மிளகாய் சுத்திப் போட்டாங்க. தினமும் நெத்தியில் விபூதி வெச்சோம். அழுகை நிக்கலை.

ஒரு காலை ஷிப்ட் வாரம். விடிஞ்சா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். பாப்பா மூணாவது தடவையா எழுந்தா. எனக்குள்ள என்ன புகுந்ததுன்னு தெரியலை. "வாயை மூடு!"ன்னு கத்திக்கிட்டே தூளியை வெடுக்குனு இழுத்துட்டேன். ஒரு நொடி அழுகை நின்னுச்சு. என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில இருந்தது பயம். என்னைப் பார்த்து என் குழந்தை பயந்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கிட்டு, "என்னங்க, நீங்க கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்க" என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்தேன். கை நடுங்கிச்சு. தினமும் முருகா முருகான்னு சொல்ற வாய்தானே இப்படிக் கத்துச்சுன்னு வெட்கமா இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போனேன். நம்ம மாவட்டத்தின் அறுபடை வீடு. திருச்செந்தூரில் சூரபத்மனோடு போர் முடிச்சு, செரு தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம் என்பதால்தான் தணிகை. கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் கிடையாது. அன்னிக்கு இங்கே அவனுக்குப் பூவால் புஷ்பாஞ்சலிதான்.

படியேறும்போது இதுதான் மனசில் ஓடிச்சு. சூரனையே ஜெயிச்ச சாமிக்குக் கோபம் தணிய ஒரு மலை வேண்டியிருந்ததுன்னா, தூக்கமில்லாத எனக்கு ஒரு படிக்கட்டாவது வேண்டாமா? கோபம் வர்றது பாவமில்லை. கோபம் தணியறதுக்கு முன்னாடி குழந்தை மேல கை வைக்கிறதுதான் தப்பு.

அன்புத் தம்பி தங்கைகளே, இதை மனசில் எழுதி வெச்சுக்கோங்க. கோபம் தலைக்கேறினா, குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வெச்சிட்டு அறையை விட்டு வெளியே வாங்க. சரவணபவன்னு ஆறெழுத்தை மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் அழுதா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பச்சைக்குழந்தையைப் பிடிச்சு உலுக்கினா மூளையில் ரத்தம் கசியும். கண் பார்வை போகலாம், உயிரே போகலாம். எந்த நிலையிலும் உலுக்காதீங்க.

அடுத்தது, ராத்திரியை ஒருத்தரே சுமக்காதீங்க. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தவழ்ந்த முருகனை வளர்த்தது எத்தனை பேர்? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்! சாமிக் குழந்தைக்கே ஆறு தாய் வேண்டியிருந்தது. நம்ம வீட்டுல மட்டும் ஒரே ஒருத்தி எல்லாத்தையும் பார்க்கணும்னு ஏன் நினைக்கிறோம்? திருத்தணியிலிருந்து வந்ததும் வீட்டில் பேசி முடிவு பண்ணினோம். ராத்திரி ஒரு மணி வரை எழுந்தா நான், அதுக்கப்புறம் அவள். எனக்கு நைட் ஷிப்ட் வாரத்தில் முதல் பாதி அம்மா. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரலை, சும்மா சும்மா அழுகை வருதுன்னா, அதைச் சோம்பல்னு சொல்லாம டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க.

பாப்பாவையும் குழந்தை டாக்டர்கிட்ட காட்டினோம். காய்ச்சல், காதுவலி, பல் முளைக்கிறது, பசி, எல்லாம் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னார். பெரியவங்க நாமளும் ராத்திரியில் பல தடவை லேசா முழிச்சு, தெரியாமலே தூங்கிடறோம். குழந்தையும் அப்படித்தான் முழிக்கும். ஆனா ஆடுற தூளியில் தூங்கினது, முழிச்சதும் அந்த ஆட்டத்தைத் தேடும். எட்டு, ஒன்பது மாசத்தில் அம்மா கண்ணில் படலைன்னா பயமும் சேர்ந்துக்கும். அது அடம் இல்லை. தூங்க வைக்க இருமல் மருந்து எதுவும் கொடுக்கவே கூடாதுன்னும் சொன்னார்.

அவர் சொன்ன முறை சாதாரணமானதுதான். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. உடம்பு துடைச்சு, பால் கொடுத்து, விளக்கைக் குறைச்சு, தாலாட்டு. பிள்ளைத்தமிழில் தாலப் பருவம்னே ஒண்ணு இருக்கே! முருகனையும் பாடித்தான் தூங்க வெச்சிருக்காங்க நம்ம புலவர்கள். கண் சொக்கும்போதே, முழுசாத் தூங்கறதுக்கு முன்னாடி, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்கணும். தலையணை வேண்டாம். அழுதா ரெண்டு நிமிஷம் காத்திருந்து உள்ளே போய்த் தட்டிக் கொடுக்கணும். தூக்காம திரும்பி வரணும். அடுத்து நாலு நிமிஷம், அப்புறம் ஆறு. இதெல்லாம் ஆறு மாசத்துக்கு மேல், டாக்டரைக் கேட்டுக்கிட்டுத்தான். கைக்குழந்தை அழுதா உடனே தூக்கிடுங்க.

முதல் ராத்திரி கதவுக்கு வெளியே நின்னேன். அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டு யுகம். கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. உள்ளே அவள், அப்பா போயிட்டார்னு நினைச்சு அழறா. நான் எங்கேயும் போகலை. ஒரு கதவு தூரத்தில், அவ மூச்சைக்கூட எண்ணிக்கிட்டு நிக்கிறேன்.

அப்போதான் எனக்குள் சுருக்குனு ஒண்ணு தைச்சது. நான் முருகன்கிட்ட எத்தனை ராத்திரி அழுதிருக்கேன்! "கூப்பிட்டேனே, வரலையே"ன்னு எத்தனை தடவை கோவிச்சிருக்கேன்! அவனும் இப்படித்தானே தாழ்ப்பாளில் கை வெச்சுக்கிட்டு நின்னிருப்பான்? பிள்ளை தானா நிக்கப் பழகட்டும்னு தாமதிக்கிறவன் பிள்ளையை விட்டுட்டுப் போனவன் இல்லை.

அன்னிக்கு முக்கால் மணி நேரம் அழுதா. நாலாவது நாள் பத்து நிமிஷம். ரெண்டு வாரத்தில் ஒரு தடவைதான் எழுந்தா. அப்புறம் பல் முளைச்சது, மறுபடி பழைய கதை. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். திருத்தணிக்கு 365 படி, வருஷத்துக்கும் 365 ராத்திரி. எல்லாத்தையும் ஒரே மூச்சில் ஏற முடியாது. இன்னிக்கு ராத்திரி ஒரு படி, அவ்வளவுதான்.

உங்க உறவில் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனா, "இன்னுமா ராத்திரி அழுறா?"ன்னு கேட்காதீங்க. ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கிட்டு, அந்தத் தாயைத் தூங்கச் சொல்லுங்க. நீங்களும் ஒரு கார்த்திகைப் பெண்தான். அதைவிடப் பெரிய காவடி எனக்குத் தெரியலை.

தணிகைமலையான் எல்லா வீட்டுக் கோபத்தையும் தணிக்கட்டும். எல்லாத் தொட்டிலுக்கும் அவன் வேல் காவல் நிற்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!