உன் மூக்குக்கு மார்க் போட அவர்கள் யார்?

கி.மு. 32-ஐ ஒட்டி அச்சான ஒரு ரோமானிய வெள்ளிக் காசு. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. ஒரு பக்கம் மார்க் ஆண்டனி, மறுபக்கம் கிளியோபாட்ரா. கூரிய முகவாய், நடுவில் புடைத்து, நுனியில் வளைந்து இறங்கும் கழுகு மூக்கு. மழுப்பலே இல்லை. எகிப்தின் அரசி அந்த மூக்கோடுதான் ஊரெல்லாம் கைமாறினாள்!

அதே வளைவை 1938-இல் நாஜிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'டெர் கிஃப்ட்பில்ஸ்' என்று குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் போட்டார்கள். யூதனின் மூக்கு 6 என்ற எண்போல இருக்கும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிஞ்சு மனதில் நஞ்சு! அரசிக்குக் கம்பீரம் தந்த மூக்கை அவமானச் சின்னமாக்கியது எலும்பா? இல்லை. பார்த்தவனின் புத்தி.

இந்தப் புத்திக்குப் பயந்து எத்தனையோ பேர் கத்திக்குத் தலை கொடுத்தார்கள். அமெரிக்க மேடைகளைச் சிரிப்பால் அதிரவைத்த யூத நடிகை ஃபேனி பிரைஸ் 1923-இல் தன் மூக்கை மாற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய நெருக்கடி அப்படி.

பிறகு வந்தார், புரூக்ளினில் பிறந்த பார்பரா ஸ்ட்ரைசாண்ட். பாட வந்த இளம்பெண்ணிடம் மூக்கைச் சரிசெய்துகொள் என்று ஆளாளுக்கு ஓதினார்கள். முடியாது என்றார். கத்தி பட்டால் குரல் மாறிவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. தன் செல்வம் எது என்று தெரிந்தவர்! அவர் நடித்துப் புகழின் உச்சிக்குப் போனது யார் கதையில்? அதே ஃபேனி பிரைஸின் கதையில். 1964-இல் பிராட்வே மேடையில் 'ஃபன்னி கேர்ள்'. 1968-இல் அதே பெயரில் திரைப்படம். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர். மூக்கை மாற்றிக்கொண்டவரின் வாழ்க்கையை, மாற்ற மறுத்தவர் நடித்து ஜெயித்தார். திரை முழுக்க அந்த மூக்கு!

தம்பி, தங்கையே! வகுப்பில் 'கிளிமூக்கு' என்று கூப்பிட்டார்களா? பெண் பார்க்க வந்த வீட்டில் முணுமுணுத்தார்களா? மூச்சுவிடச் சிரமமென்றால் டாக்டரிடம் போ. ஊர் வாய்க்குப் பயந்து போகாதே! கேமரா முன்னால் முகத்தைத் திருப்பித் திருப்பி ஒளித்தது போதும். அடுத்த போட்டோவுக்குப் பக்கவாட்டில் நில். முழு மூக்கும் தெரிய, நிமிர்ந்து நில்!