ஒரு மணி நேரப் பயணியின் தொழுகை

பயணத்தை அளப்பது அது கடக்கும் தூரமா, அதற்குச் செல்லும் நேரமா என்னும் கேள்வி, பிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலில் முஸாபிரின், அதாவது பயணியின், தொழுகையைப் பற்றியதாகும். நான்கு ரக்அத் (தொழுகையின் அலகு) கொண்ட ளுஹர், அஸர், இஷா ஆகிய தொழுகைகளைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கித் தொழுவது கஸ்ர் எனப்படும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்டப் பிரிவு, சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாள்களில் நடக்கும் இரண்டு மர்ஹலா தூரத்தை இதற்கு எல்லையாக வைக்கிறது. இக்கால அறிஞர்கள் அதை 81 முதல் 89 கி.மீ. வரை பலவாறு கணக்கிடுகின்றனர்.

2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே விமான சேவை தொடங்கியது. பாக்கு நீரிணையின் மேலாக நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கி.மீ. வரும் இத்தூரத்தை விமானம் ஒரு மணி நேர அளவில் கடந்துவிடுகிறது. யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து இவ்வழியே திருச்சிக்குச் செல்பவருக்கு, ஒட்டகத்தின் நாள்களைக் கொண்டு வகுத்த சலுகை பொருந்துமா?

விமானத்தை அறியாத காலத்திலேயே இதற்கான விடை கிடைத்துவிட்டது. 1277இல் மறைந்த இமாம் நவவீ, தமது மின்ஹாஜ் நூலில், கடலும் தரையைப் போன்றதே என்றும், அத்தூரத்தைக் கடலில் சிறு பொழுதில் கடந்தாலும் பயணி சுருக்கித் தொழலாம் என்றும் முடிவு செய்கிறார். இதன் பின்னே இல்லத், ஹிக்மத் என்னும் இரு கருத்துகள் உள்ளன: சட்டம் பற்றி நிற்கும் அளவிடத்தக்க காரணம் இல்லத், அச்சட்டத்தால் விளையும் நன்மை ஹிக்மத். சிரமத்தைப் போக்குவது ஹிக்மத்தே ஆயினும், சிரமம் ஆளுக்கு ஆள் மாறுவதால் சட்டம் அதன்மேல் நிற்பதில்லை. அப்படி நின்றிருந்தால் கண்டிச் சந்தையில் நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கே முதல் சலுகை உரியதாகியிருக்கும்.

குர்ஆன் கஸ்ரைப் பற்றிப் பேசும் வசனம் எதிரிகளின் அச்சத்தையும் உடன் குறிப்பிடுவதால், அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ர் ஏன் என்று நபித்தோழர் உமர் அவர்கள் வியந்து கேட்டபோது, அது இறைவன் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. பட்ட சிரமத்துக்கு ஈடாகத் தரப்படுவதைக் கூலி என்றுதான் சொல்லலாம். தர்மமோ கொடுப்பவரின் கருணையால் வருவது. ஆகவே விமான இருக்கையின் சுகத்தைக் காட்டி அதை மறுப்பது பொருந்தாது. மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்று தூர வரம்பை விலக்கிய அறிஞர் இப்னு தைமிய்யாவின் கருத்து ஆழமானதுதான். ஆயினும் வழக்கு வாகனத்தோடு மாறும், நிலத்தின் அளவு மாறுவதில்லை.

இதில் நுட்பமான மற்றொரு விதியும் உண்டு. மூன்று மர்ஹலாவுக்குக் குறைந்த பயணத்தில் கஸ்ர் அனுமதிக்கப்பட்டாலும் முழுமையாகத் தொழுவதே சிறப்பு என்றும், மூன்றை எட்டினால் சுருக்குவதே சிறப்பு என்றும் ஷாபிஈ அறிஞர்கள் கூறுகின்றனர். கெலிஓயாவிலிருந்து பேராதனை வழியாகக் கொழும்பு சுமார் 115 கி.மீ.; கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கி, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் குலுங்கிச் செல்பவருக்கு நான்கு ரக்அத்தே சிறப்பாகிறது, ஒரு மணி நேரத்தில் திருச்சியில் இறங்குபவருக்கோ இரண்டு.