ஊரார் பிள்ளை

“உங்க பொண்ணு எங்க இருக்கான்னே தெரியாம, யாரோ ஒரு பையனைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களா?”

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மதியம், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பக்கம், சாலிப்புழா ஆற்றின் கரையில் வைத்து என் அலுவலக நண்பரிடம் அவர் மனைவி கேட்ட கேள்வி இது. நான் நாலடி தள்ளி, என் நான்கு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, கேட்காதது மாதிரி நின்றிருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது என்கிற நினைப்பு போகவே இல்லை.

கோடஞ்சேரிக்கு மழைக்காலத்தில் ஒரு தனி மவுசு உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து ஓடும். 2013இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவலுக்கு வெளிநாடுகளிலிருந்தெல்லாம் கயாக் வீரர்கள் வருகிறார்கள். ஜெயிப்பவர்களுக்கு ‘ரேபிட் ராஜா’, ‘ரேபிட் ராணி’ என்று பட்டம். நாங்கள் போனது அதற்கல்ல. கயாக் விடுகிற இருபது முப்பது பேர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சின்னப் பந்தயம் ஒன்றுக்கு. எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். இரண்டு கிலோமீட்டர் கீழே பாலத்தை முதலில் கடப்பவர் வெற்றி. ஆபத்தான இரண்டு இடங்களில் கரையில் கயிற்றுப் பையோடு ஆட்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

நண்பருக்கு வயது நாற்பத்தாறு. மகளுக்குப் பதினாறு. பதினோரு வயதிலிருந்து அப்பாவோடு சேர்ந்து கற்றவள். இருவரும் அன்று போட்டியாளர்கள். ஆளுக்கொரு கயாக், ஆளுக்கொரு எண்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தது இதுதான். மகள் முன்னால் போய்விட்டாள். முதல் சரிவை இறங்கி, வளைவில் திரும்பி, மறைந்தாள். அடுத்த சரிவு அந்த வளைவுக்கு அப்பால் இருந்தது. அப்பா முப்பது மீட்டர் பின்னால். இருவருக்கும் நடுவில் ஒரு கல்லூரிப் பையன் கவிழ்ந்தான். இரண்டு முறை நிமிரப் பார்த்தான், முடியவில்லை. படகை விட்டு வெளியே வந்துவிட்டான். படகு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நீர் அவனை இடது கரையில் விழுந்து கிடந்த மரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. விழுந்த மரம் ஆற்றில் ஒரு சல்லடை. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. கரையில் கயிறு வைத்திருந்தவர் எட்டாத தூரத்தில் இருந்தார்.

நண்பர் வளைவைப் பார்த்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு துடுப்பு வீச்சு நேரம் பார்த்தார். பிறகு படகைக் குறுக்கே திருப்பி அந்தப் பையனிடம் போனார். அவன் படகின் வால்பக்கப் பிடியைப் பற்றிக்கொண்டான். அவனை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் சுழன்று தேங்கும், கயாக்காரர்கள் அதை எடி என்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம் இருக்கும்.

அந்த ஒன்றரை நிமிடமும் அவர் மனைவி கரையோரச் சேற்றில் வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாக வந்திருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தவள், “அம்மா ஏன் அழற?” என்று கேட்டாள்.

நண்பர் வந்து சேர்ந்ததும்தான் அந்தக் கேள்வி. அவர் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே சொன்னார், “அவன்தான் பக்கத்துல இருந்தான்.”

“அப்ப அவ?”

“அவ பக்கத்துல இல்ல.”

திரும்பும்போது தாமரச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரில் யாரும் பேசவில்லை.

*

எனக்கு என் அப்பா நீச்சல் கற்றுக்கொடுத்தது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் தாம்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, “கையக் கால அடி கண்ணு, நான் புடிச்சிருக்கேன்” என்பார். கயிறு தொய்ந்தால் பயம் வரும், இறுகினால் தைரியம் வரும். அப்பா என்றால் எனக்கு ரொம்ப நாள் அந்தக் கயிற்றின் இறுக்கம்தான்.

ஓடுகிற ஆற்றில் அந்தக் கயிறு ஆளைக் கொல்லும். இதை நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டப்பட்ட உடலை நீர் தள்ளிக்கொண்டு போக முடியாதபோது கீழே அழுத்தும். அதனால்தான் மீட்புக் கயிற்றைப் பையில் வைத்து வீசுகிறார்கள். விழுந்தவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடுப்பில் கட்டவோ கையில் சுற்றவோ கூடாது. எந்த நேரமும் விட்டுவிட முடிய வேண்டும்.

கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும் இப்படித்தான், உடம்பின் ஆசைக்கு எதிரானது. தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது இடுப்பைச் சொடுக்கிப் படகை முதலில் திருப்ப வேண்டும். தலை கடைசியில்தான் வெளியே வர வேண்டும். மூச்சுக்குத் தவிக்கிற உடம்பு தலையைத்தான் முதலில் தூக்கப் பார்க்கும். தூக்கினால் மறுபடி கவிழும். இதை அப்பா ஆயிரம் முறை சொல்லித்தரலாம். அந்தக் கணத்தில் இடுப்பைச் சொடுக்க வேண்டியது மகள் மட்டும்தான். கயாக்கில் இன்னொருவருக்கு இடமில்லை.

பெற்றோரின் அறிவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் நிலைமை. ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸின் அப்பா ரிச்சர்ட் ஃபாக்ஸ் தனிநபர் கயாக் ஸ்லாலமில் ஐந்து முறை உலக சாம்பியன். அம்மா மிரியம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர், மகளின் பயிற்சியாளரும் அவரே. இதைவிட நீரோட்டம் தெரிந்த வீடு உலகில் இருக்குமா? 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கயாக் இறுதிச் சுற்றில் ஜெசிகா இரண்டு கம்பங்களைத் தொட்டுவிட்டார். ஒரு தொடுகைக்கு இரண்டு வினாடி அபராதம், மொத்தம் நான்கு வினாடி. தங்கம் போய் வெண்கலமானது. கரையில் இருப்பவர் எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் அந்தக் கம்பத்தை ஒரு அங்குலம் நகர்த்த முடியாது. இரண்டு நாள் கழித்து கேனோ பிரிவில் ஜெசிகா தங்கம் வென்றார். அதுவும் அவராகவே செய்ததுதான்.

பந்தயத்தில் பெற்றோர் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க முடியாது. இருந்தாலும் பிள்ளைக்காகத் துடுப்புப் போட முடியாது. அப்படியானால் அங்கே பெற்றோர் என்பவர் யார்? நண்பரின் மனைவி கேட்டதற்கு அடியில் இருந்தது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

*

தன் ஆளா, வேற்று ஆளா என்ற கேள்வி தத்துவத்தில் பழையது. வில்லியம் காட்வின் 1793இல் ஒரு உதாரணம் சொன்னார். தீப்பற்றிய வீட்டில் ஃபெனலோன் என்கிற மகத்தான எழுத்தாளரான பேராயரும் ஒரு பணிப்பெண்ணும். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். உலகுக்கு அதிகம் பயன்படுகிற பேராயரைத்தான் காப்பாற்ற வேண்டும், அந்தப் பெண் என் தாயாகவே இருந்தாலும் சரி என்றார் காட்வின். நமக்கு இது புதிதல்ல. கன்றுக்குட்டிக்காகத் தன் மகன் மேலேயே தேரை ஓட்டிய சோழனின் கதையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம்.

இருபதாம் நூற்றாண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ் இதற்கு நேர் எதிராகப் பேசினார். மனைவியும் ஒரு அந்நியரும் தண்ணீரில் மூழ்குகிறார்கள். ஒருவன் மனைவியிடம் நீந்துகிறான். ‘இவள் என் மனைவி, இப்படிப்பட்ட நேரத்தில் மனைவியைக் காப்பாற்ற அறம் அனுமதிக்கிறது’ என்று அவன் கணக்குப் போட்டுவிட்டுப் போனால், அவன் தேவைக்கு மேல் ஒரு எண்ணம் எண்ணிவிட்டான் என்கிறார். அன்புக்கு அனுமதிச் சீட்டு எதற்கு?

எனக்கு வில்லியம்ஸைத்தான் பிடிக்கும். ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்: இருவரில் யாரை வேண்டுமானாலும் நம்மால் எட்ட முடியும். சாலிப்புழாவில் அப்படி இல்லை. ஒருவன் எட்டும் தூரத்தில் இருந்தான். இன்னொருத்தி வளைவுக்கு அப்பால். அவள் கவிழ்ந்தாளா என்றே தெரியாது. கவிழ்ந்திருந்தால் அவர் போய்ச் சேரும் முன் முடிந்திருக்கும். அவருக்கு முன்னால் இருந்த தேர்வு ‘மகளா, பையனா’ என்பதே இல்லை. கண்முன் இருக்கும் ஒரு உயிரா, மகளை நோக்கிப் போகிறோம் என்கிற நிம்மதியா என்பதுதான்.

சர்வதேச கேனோ கூட்டமைப்பின் வைல்ட்வாட்டர் பந்தய விதிகளில் ஒன்று உண்டு. சக போட்டியாளர் உண்மையான ஆபத்தில் இருப்பதைக் கண்டால் நின்று உதவ வேண்டும். தவறினால் தகுதி நீக்கம். இந்த விதி ‘யாருடைய பிள்ளை’ என்று கேட்பதில்லை, யார் கண்டது என்று மட்டும் கேட்கிறது.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளை பின்னாலேயே போகிற ஆறு மிக ஆபத்தான ஆறு. பெற்றோர் சரியான தூரத்தில் இருந்தால்தான் அங்கே பிள்ளைக்குப் பாதுகாப்பு. அந்தக் கல்லூரிப் பையனின் அம்மா ஏதோ ஒரு ஊரில், மகன் ஆற்றில் இருப்பதே தெரியாமல் சமைத்துக்கொண்டிருந்திருப்பார். அவனுக்கு யாருமே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்காக எல்லோரும் நிற்கிற ஆற்றில், எத்தனை படகு உண்டோ அத்தனை காவல் ஒவ்வொரு பிள்ளைக்கும். மகளை அப்படிப்பட்ட ஆற்றில் இறக்கிவிட்டவர், தானும் அப்படி நிற்காவிட்டால், மற்றவர்களிடமிருந்து கடனாக வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளை என்றால் கர்ப்பமான மனைவி என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. ஊருக்குச் செய்ய மனசில்லாதவர்கள் கண்டுபிடித்த விளக்கமோ என்று எனக்குச் சந்தேகம்.

*

இதையெல்லாம் சில மாதம் கழித்து, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். நண்பரின் மனைவி பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரிதாங்க. அந்தப் பையன் பொழைச்சது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தப் பழமொழியில ‘தானே’ன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதுதான் பொய். எதுவும் தானே வளராது. அன்னைக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாம இருந்திருந்தா? இவர் ஆளுங்கள நம்புனாரு. நான் நம்பல. அதான் ஓடுனேன்.”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. நம்பிக்கை என்பது தெரிந்திருப்பது ஆகாது. அந்த ஏற்பாடு ஒருநாள் தவறும். தவறுகிற நாளில் என் வாதம் எந்த வீட்டுக்கும் ஆறுதல் தராது. அவர் சேற்றில் ஓடியதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான் என்று இப்போது தோன்றுகிறது. நம்புகிற ஒருவரும் நம்பாமல் ஓடுகிற ஒருவரும் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

நண்பர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார், “ரெண்டு பேரும் ஒரே தூரத்துல இருந்திருந்தா இவகிட்டதான் போயிருப்பேன். யோசிச்சிருக்கவே மாட்டேன்.” அவர் வில்லியம்ஸைப் படித்ததில்லை.

மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், “அப்பா பின்னாடி வர்றாருன்னு நெனச்சா நான் திரும்பிப் பாப்பேன். திரும்பிப் பாத்தா கவுந்துருவேன். அதனால வரமாட்டாருன்னு வெச்சுக்குவேன்.”

அம்மா அவளைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பு நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்கிறாள். முதல் சில வாரங்கள் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த குழந்தை தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் தூக்கிய பிறகுதான் கவனித்தேன். கையெட்டும் தூரத்தில் இருந்த எனக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை.

அதிலிருந்து தலைகளை எண்ணுகிறேன். மொத்தம் ஏழு பிள்ளைகள். நிமிடத்துக்கு ஒருமுறை ஏழும் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணத் தொடங்குவது என் மகளிடமிருந்துதான். அதை மாற்ற நான் முயற்சி செய்யவில்லை.