சுகாதாரம் யாருடைய காரியம்?

தேகசுகம் அவனவன் சொந்தக் காரியம் என்றே நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். நோய் வந்தால் வினைப்பயன். தீர்ந்தால் தெய்வச் செயல். நடுவில் தோட்டத்து டிரஸ்ஸர் தரும் மருந்து ஒரு சடங்கு. அடுத்த வீட்டுக்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்பார்கள். இதற்கு மறுமொழி சொல்லப் புகுமுன், நம் முன்னோர் இந்நாட்டில் எவ்வாறு மாண்டனர் என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

1897-ஆம் ஆண்டில் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்பார் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிலே கண்டார். நான்காண்டு கழித்து, 1901-இல், மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு ஜில்லா வைத்தியராக வந்து சேர்ந்தார். அவ்வாண்டு புதிதாய்த் திறக்கப்பட்ட ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் காய்ச்சல் பெருகி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று சர்க்கார் யோசிக்கும்படி ஆயிற்று. கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக அவ்வருஷம் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். வாட்சன் மருந்துப் புட்டியோடு நிற்கவில்லை. சதுப்புக் காட்டை வெட்டுவித்து, வாய்க்கால் தோண்டுவித்து, நீரை வடியச் செய்தார். 1902-இல் காய்ச்சலுக்கு இரையானோர் 59 பேர். 1903-இல் 46 பேர். இதனினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. காய்ச்சலல்லாத பிற வியாதிகளால் இறந்தோர் தொகையும் அவ்வோராண்டில் 214-லிருந்து 85-ஆக இறங்கிற்று. வேறு பெயர் எழுதிப் புதைக்கப்பட்டவர்களிலும் பலரை உள்ளிருந்து அரித்தது காய்ச்சலே என்பதல்லவா இதன் பொருள்? ஏட்டில் ஏறும் காரணம் ஒன்று, உள்ளபடியான காரணம் வேறொன்று என்பது கிராணி வேலை பார்க்கும் எனக்குப் புதுமையன்று.

அந்த 368 பேரில் எவரும் தம் தனி முயற்சியால் முற்றும் தப்பியிருக்க முடியாது. கொசுவலை கட்டியவரும் கொயினா விழுங்கியவரும் ஓரளவு பிழைத்திருக்கலாம். ஆனால் சதுப்பு நிலம் ஒருவருடையதன்று. அதை ஒருவர் வடிக்கவும் இயலாது. அது வடிந்தபோது கிடைத்த நன்மையையும் எவரும் தமக்கு மட்டும் என்று பூட்டி வைத்துக்கொள்ள முடியவில்லை. நல்லவனும் கெட்டவனும், துரையும் தோட்டியும் ஒருங்கே பிழைத்தனர். பொதுச் சுகாதாரத்தின் இலக்கணம் இதுதான்.

இதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு வாட்சனின் அனுபவமே சான்று. கரையோரச் சதுப்பின் கொசு நிழலை நாடுவது. காட்டை வெட்டினால் அது ஒழிந்தது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ஆகவே அங்கே காட்டை வெட்டியதே காய்ச்சலை வரவழைத்தது. இரப்பர் நடுவதற்காக ஓடைக்கரை நிழலை அழித்த மேட்டுத் தோட்டங்களில் ஆட்கள் கொத்துக்கொத்தாய் விழுந்தனர். பின்னர் நிலத்தடியில் குழாய் பதித்தும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதை அடக்கினார்கள். தோண்டிய கைகளும் தெளித்த கைகளும் பெரும்பாலும் நம்மவர் கைகளே.

நிற்க. தோட்டங்களில் இவையெல்லாம் யாருடைய நன்மையைக் கருதிச் செய்யப்பட்டன? காய்ச்சலில் கிடப்பவன் பால் வெட்டமாட்டான். பெரட்டில் ஆள் குறைந்தால் கம்பெனிக்கு நஷ்டம். இலாபங் கருதிச் செய்த நன்மையும் நன்மைதான். அதனால் பிழைத்த குழந்தை அந்நோக்கத்தை விசாரிப்பதில்லை. இதை மறுக்கும் சீர்திருத்தக்காரருடன் நான் உடன்படேன். ஆனால் அந்நன்மை இலாபம் போகும் தூரம் மட்டுமே போகும். ஓடையில் எண்ணெய் தெளித்த அதே தோட்டங்களில் கள்ளுக்கடையும் இருந்தது. காய்ச்சல் ஆளை வேலைக்கு வரவொட்டாமல் தடுத்தது. கள்ளோ ஆளைத் தோட்டத்தை விட்டுப் போகவொட்டாமல் தடுத்தது. ஒன்றைப் பகையாகவும் மற்றொன்றை உறவாகவும் கொண்டதில் என்ன ஆச்சரியம்? கள்ளில் சத்துண்டு என்று வாதித்தவர்களும் உண்டு.

அக்கடைகளை எதிர்த்தெழுந்தவர்கள் லயத்திலிருந்தவர்களே. யுத்தம் முடிந்த பின்னர், இக்கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை தோன்றிற்று. அது கள்ளுக்கடை மறியல் செய்தது. 1947-இல் பீடோங்கில் அம்மறியல் போலீஸாருடன் மோதலாகி, உயிர்ச்சேதத்தில் முடிந்தது. தன் காசில் ஒருவன் குடித்தால் உனக்கென்ன என்ற கேள்விக்கு அவர்கள் மறுமொழி எளிது: அவன் குடிப்பது அவன் காசன்று, அவன் பிள்ளையின் சோறு. இது நியாயமே. எனினும் குடிப்பவன் கையைப் பிடித்து நிறுத்துவது வேறு, தடியை ஓங்குவது வேறு. முன்னதை மட்டுமே நான் ஒப்புவேன். துன்பத்தில் பங்குள்ளவனுக்குத் தடுத்துக் கேட்கும் உரிமை உண்டு. லயத்தில் உடன் வாழ்ந்தவர்களுக்கு அது இருந்தது. மேலே பங்களாவிலிருந்து வரும் உத்தரவுக்கு அவ்வுரிமை பாதிதான்.

1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விலையாயின. பின்னர் செம்பனை வந்தது. வீட்டு மனைகள் வந்தன. பாக்கார் ஆராங்கிலும் சுங்கை பட்டாணியின் ஏனைய தாமான்களிலும் இன்று குடியிருப்போரில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல. வாய்க்காலைப் பார்க்க இப்போது தண்டல் இல்லை, துரையும் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிடமிருந்து வரும் வகையே எஞ்சியிருக்கிறது. அந்த இடத்துக்கு டெங்கி வந்திருக்கிறது. இது பினாங்கில் 1901-02-லேயே பதிவான பழைய நோய்தான். 2023-இல் நாடு முழுவதும் 1,20,000 பேருக்கு மேல் இது கண்டது. நூறு பேர் மாண்டனர்.

இக்கொசு சதுப்பை நாடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, சுவாமி படத்தடியில் வைத்த செம்பு ஆகியவற்றில் தேங்கும் நல்ல நீரே அதற்குப் போதும். வெகுதூரம் பறப்பதுமில்லை, ஆதலால் பெரும்பாலும் நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்த கொசுவேயாகும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரிகள் வீட்டினுள் நுழைந்து சோதிக்கவும் அபராதம் போடவும் இடமளிக்கிறது. அபராதச் சீட்டு வந்ததும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, காட்டிக்கொடுத்தவன் யார் என்பது. டயரில் புழு இருந்ததா என்பது அன்று.

ஆட்கள் வேறூருக்கு வேலைக்குப் போய்ப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் ஒவ்வொரு வரிசையிலும் உண்டு. பின்புறத்துப் பீப்பாயில் மழைநீர் நிற்கிறது. வேலிக்கு இப்பால் கைக்குழந்தையோடு ஒரு தாய். அவள் பிறர் வீட்டு வேலியைத் தாண்டிப் பீப்பாயைக் கவிழ்க்கலாமா? ஆகாது, அது அத்துமீறல் என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பீப்பாயின் கொசு வேலி தாண்டும்போது அதற்குப் பெயரென்ன என்று கேட்டேன். அவர் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதச் சொன்னார். எழுதலாம், ஆனால் அக்கடிதம் போய்ச் சேர்ந்து ஆள் வருமுன், ஒரு வாரத்துக்குள்ளாகவே முட்டை கொசுவாகிவிடும்.