மணலுக்கு இந்தப் பக்கம்

பெருநாள் பின்னேரங்களில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் அலையோடு ஓடுவார்கள். பெண்கள் பாய் விரித்து வட்டிலப்பம் பங்கிடுவார்கள். என் மச்சான் மட்டும் வீதியோரத்தில் ஓட்டோவுக்குள் இருப்பார். யுத்த காலத்தில் முள்ளந்தண்டில் காயம்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலி இருக்கிறது; ஆனால் அதன் சின்ன முன்சக்கரங்கள் மணலில் இறங்கியதுமே புதைந்துவிடும்.

"நீ புள்ளைகளோட இறங்கு மச்சான். எனக்கு இதில இருந்தே கடல் தெரியுது."

முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிப் போவோம். ஒரு பெருநாளில் அவரைக் கரையில் இருத்திவிட்டுக் குளிக்கப் போனவர்கள் மஃரிப் பாங்கு கேட்டுத்தான் திரும்பினோம். ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே அவருக்குத் திரும்பவேண்டும் போலிருந்திருக்கிறது. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "தூக்கிற ஆக்களை ஒரு நாளில எத்தனை தரம் கேக்கிறது?" என்றார். அடுத்த பெருநாளிலிருந்து அவர் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை.

நாங்கள் தூக்கியது நன்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எப்போது போவது, எங்கே இருப்பது, எப்போது எழும்புவது எல்லாம் எங்கள் கையில் இருந்தன. நன்மை எங்கள் கணக்கில் எழுதப்பட்டது. கடன் அவருடைய கணக்கில்.

இதைப் பள்ளிவாசல் முற்றத்தில் பேசியபோது ஒருவர் கேட்டார்: சுனாமியிலும் யுத்தத்திலும் அடிபட்ட மாவட்டம் இது. வலது குறைந்தோருக்கு முதலில் மருந்தும் தொழிலும் அல்லவா தேவை, கடற்கரை உல்லாசந்தானே? அவர் கெட்ட மனிதரல்ல. வசதி குறைந்த இடத்தில் எதை முதலில் செய்வது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கால் உள்ளவன் கடற்கரைக்குப் போகும்போது, வீட்டில் மருந்து இருக்கிறதா என்று நாம் விசாரிப்பதில்லை. இல்லாதவனுக்கு மட்டும் சந்தோஷத்தை வரிசையின் கடைசியில் வைக்கிறோம். அந்த வரிசை அவனுடைய ஆயுளில் நகர்வதில்லை.

ஒரு பெருநாளன்று மதீனாப் பள்ளிவாசலில் அபிஸீனியர் ஈட்டி விளையாட்டுக் காட்டியதையும், ஆயிஷா (ரழி) அவர்கள் அதைப் பார்க்க நபி (ஸல்) அவர்கள் மறைப்பாக நின்றதையும் புகாரியில் படிக்கிறோம். விளையாட்டு ஆகும் என்பதற்கு ஆதாரமாகவே அதைச் சொல்லிவருகிறோம். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறொன்று. பார்த்தவருக்குப் போதுமென்று ஆகும்வரை நபியவர்கள் நின்றார்கள். முடிவு பார்ப்பவரிடம் இருந்தது. சூறதுன் நூரின் 61ஆம் வசனம் பார்வையற்றவரையும் கால் ஊனமுற்றவரையும் நோயாளியையும் குறிப்பிட்டுவிட்டு, வீடுகளில் உண்பதைப் பற்றிப் பேசுகிறது. அத்தகையோர் பிறரோடு சேர்ந்துண்ணக் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள் என்பது தஃப்ஸீர்களில் வரும் விளக்கங்களில் ஒன்று. அங்கே பிரச்சினை பசியல்ல, சேர்ந்து உட்காருவது.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி இருக்கவேண்டுமென 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் கிரிக்கெட் நடுவராக மைதானத்தில் நின்றவர்; 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமையாகவே சொல்கிறது. இருந்தும் எங்கள் மனதில் அணுகுவசதி என்றால் வங்கி வாசலின் சாய்தளம்தான். மணலை யார் யோசித்தார்கள்?

கிண்ணியாவில் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் பாதையில்தான் கடப்போம். வெளியூர் வாசகருக்குச் சொல்வதானால், மிதவைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதன் தட்டையான பலகையில் சைக்கிளோடும் மரக்கறி மூட்டையோடும் மச்சானின் நாற்காலியும் உருண்டு ஏறும். எல்லாருக்கும் போட்ட பலகை, அவருக்கும் போதுமாயிருந்தது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27இல் மணலுக்கு மேலே கடலை நோக்கி மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். நீளம் 263 மீற்றர், செலவு இந்திய ரூபாவில் 1 கோடி 14 இலட்சம். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதை உடைத்தது. திருத்தித் திரும்பவும் திறந்தார்கள். டச்பேயிலும் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் சும்மா விடாது. கழற்றி வைத்து, காலம் பார்த்துப் போடக்கூடிய பலகைகள் எங்களுக்குப் பொருந்தலாம்.

போன பெருநாளில் ஓட்டோவுக்குள் அவரோடு இருந்துகொண்டு இதைச் சொன்னேன். புயலைப் பற்றியோ செலவைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"அகலம் எவ்வளவாம்?"

"மூன்று மீற்றர்."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு நாற்காலி பக்கத்தில பக்கத்தில போகலாம்" என்றார்.