பிடிமண்: இடம் மாறும் தெய்வமும் இடம் மாறும் மாணவரும்

தெய்வம் ஓர் இடத்துக்கு உரியதா, அல்லது வணங்குகிறவர்களோடு கூடவே போவதா என்ற கேள்வி தமிழ்ச் சமயச் சிந்தனையில் மிகப் பழையது. இலங்கை மலையகத்தில் அது ஏட்டோடு நிற்பதில்லை. கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உயர்தரம் சித்தியடைந்து பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குப் போகிற மாணவரின் வீட்டில் இது இரண்டாவது இடப்பெயர்வு. முதலாவது, பூட்டன் பூட்டி காலத்தில் கடல் தாண்டி வந்தது. அப்போது தெய்வமும் கூட வந்தது. இப்போது மாணவர் விடுதிக்குப் போகிறார். தெய்வம் தோட்டத்திலேயே நின்றுவிடுகிறதா?

கினிகத்தேனை, அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் வீதியில், கித்துல்கலையைத் தாண்டி மலை ஏறியதும் வரும் கடைத்தெரு. கடைகளில் சிங்களம், சுற்றியுள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தமிழ். அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு பஸ்ஸில் அரை நாளுக்குள் போய்விடலாம். யாழ்ப்பாணம் அப்படியல்ல. ரயிலில் போவதானால் பொல்காவலை வரை இறங்கி, அங்கே வடக்குப் பாதைக்கு மாறவேண்டும். ஆனால் சமய அளவில் பார்த்தால் எது தூரம், எது கிட்ட என்பதைத் தேசப்படம் சொல்லாது.

தெய்வம் நிலத்துக்கு உரியது என்ற விடையைத் தெளிவாகச் சொல்லும் முதல் நூல் தொல்காப்பியம். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என அது நிலத்தையும் தெய்வத்தையும் சேர்த்தே வகுக்கிறது. இந்தக் கணக்கின்படி மலையேறியவர்கள் முருகனிடம் சேர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1820களில் கோப்பிக்காகவும், 1860களின் பிற்பகுதியிலிருந்து தேயிலைக்காகவும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள். வறண்ட நிலத்தில் மழை தருகிறவள் அவள், அம்மையைத் தந்து தீர்ப்பவளும் அவள். கினிகத்தேனைக்கு அருகே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அங்கே மழைக்காக அவளைக் கேட்க யாருக்கும் தேவையில்லை. இருந்தும் தோட்டத்துக்குத் தோட்டம் அவள் கோயில்தான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களைக் கொன்றவை பேதியும் அம்மையும் காய்ச்சலும். அந்த வழியின் முடிவிலுள்ள மாத்தளை முத்துமாரியம்மன் மலையகத்தவர் நினைவில் பெற்றிருக்கும் இடத்தை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும். மலையகத் தமிழர் வந்த இருநூறு ஆண்டு நிறைவை (மலையகம் 200) முன்னிட்டு 2023இல் நடந்த நடைபவனியும் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில்தான் முடிந்தது. ஆக, தெய்வத்தைத் தேர்ந்தது நிலம் அல்ல, ஆபத்து.

தெய்வத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? தென் தமிழ்நாட்டில் இன்றும் உள்ள வழக்கம் பிடிமண். தாய்க்கோயிலின் மண்ணில் ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்துபோய், புதிய ஊரில் அதன்மேல் கல்லையோ சூலத்தையோ நிறுத்தினால் அது கோயில். தோட்டங்களின் பழைய கோயில்கள் பல மரத்தடிக் கல்லாகவே தொடங்கின. இந்த வழக்கத்துக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது; அதை நூலாக எழுதிவைக்க யாரும் இல்லாததால் தத்துவம் என்று யாரும் அதை மதித்ததில்லை. மண் வேண்டும் என்பதால் இடம் முக்கியம்தான். ஆனால் ஒரு பிடியே போதும் என்பதால் அந்த இடத்திலேயே இருந்தாகவேண்டும் என்பதில்லை. எடுத்த இடத்தில் தெய்வம் குறைவதுமில்லை. எடுப்பதும் சுமப்பதும் நடுவதும் மனிதர் வேலை. அந்த வேலை இல்லாவிட்டால் தெய்வமும் இல்லை.

புதிய இடம் தெய்வத்தை மாற்றவும் செய்தது. சொந்த ஊரில் குலதெய்வம் பங்காளிகளுக்கு மட்டும் உரியது. லயத்திலோ ஒரே வரிசையில் பல மாவட்டத்தார், பல சாதியார். அதனால் குலதெய்வங்கள் மூலைக்குப் போக, மாரியம்மன் தோட்டம் முழுவதற்கும் பொதுவானாள். ஊரில் இல்லாத தெய்வங்களும் பிறந்தன. தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதை முனி, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரமும் சறுக்கும் மலைச்சரிவும் உள்ள இடத்தில் அவை தேவைப்பட்டன. வந்த தெய்வம் அப்படியே உறைந்து நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகமச் சைவம் தெய்வம் இப்படி இடம் மாறுவதற்கு எதிரானது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. மேலோட்டமாக அது சரி. கோயிலுக்கு நிலம் தேர்வதில் தொடங்கி மண்ணின் நிறம், மணம், சுவை சோதித்து, உழுது, பிரதிஷ்டை வரை ஆகமம் ஒழுங்கு வகுக்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே வணங்கச் சொல்கிறது. எங்கும் நிறைந்தவனுக்கு ஆலயம் எதற்கு என்று கேட்டால் மெய்கண்டார் மரபின் விடை இது: பாலில் நெய் மறைந்திருக்கும், தயிரில் விளங்கித் தோன்றும். தயிர் தானாக உறையாது, உறை ஊற்ற வேண்டும் என்பதை அந்த உவமை சொல்லாமல் சொல்கிறது.

அதே ஆகமத்தில்தான் பாலாலயம் இருக்கிறது. கோயிலில் திருப்பணி தொடங்கும்போது மூலமூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, சிறு கொட்டகையில் வைத்துப் பூசை நடத்துவார்கள். வேலை முடியும்வரை, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், தெய்வம் தற்காலிக இருப்பிடத்தில் இருக்கும். அங்கே செய்யும் வழிபாடு எந்த விதத்திலும் குறைந்ததாகக் கருதப்படுவதில்லை. திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆனதும் மூலஸ்தானத்துக்குத் திரும்பும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால் பொருள் தெளிவாகிறது: இடத்தின் புனிதம் ஒருமுறை வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவதல்ல. கவனிக்காவிட்டால் தேயும், கவனித்தால் இடம் மாறியும் இருக்கும். பிடிமண்ணும் பாலாலயமும் ஒரே கருத்தின் இரண்டு வடிவங்கள். ஒன்றுக்கு வடமொழி நூல் உண்டு, மற்றதற்கு இல்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

இடமே வேண்டாம் என்ற மூன்றாவது விடையும் மரபில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணர் நிலைத்து நிற்கும் கோயிலைவிட நடமாடும் அடியாரை உயர்த்தினார். வீரசைவர் இலிங்கத்தை உடலிலேயே அணிந்தார்கள். அதே நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் பூசலார் வருகிறார். திருநின்றவூரில் கோயில் கட்டப் பணம் கிடைக்காமல் அவர் மனத்திலேயே கட்டி முடிக்கிறார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், அதே நாளில் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், உன் குடமுழுக்கைத் தள்ளி வை என்கிறான். உள்ளம் இருந்தால் போதும் என்பதற்கு இந்தக் கதையை மேற்கோள் காட்டுவது வழக்கம். கதை அவ்வளவு எளிதானதல்ல. பூசலார் மனத்திலும் நாள் பார்த்தார், அடித்தளம் இட்டார், மதில் எழுப்பினார், குளம் தோண்டினார். ஒரு படியையும் அவர் விடவில்லை. விடுதி அறையில் கண்ணை மூடினால் ஊர்க்கோயில் வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மாணவர் போகும் மூன்று ஊர்களிலும் இந்த விடைகள் வெவ்வேறு விதமாக எதிர்ப்படுகின்றன. பேராதனைக்கு இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இடம் மாறியது. வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயில் எந்த ஒரு ஊராருக்கும் உரியதல்ல. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மன்னாரார், மலையகத்தார் எல்லாரும் அங்கே வந்தேறிகள். தோட்டத்து மாரியம்மனுக்கு நடந்ததுதான் இங்கும்: பல ஊரார் கூடியதால் தெய்வம் பொதுவானது. மலையகத்து மாணவருக்கு இந்த முறை அந்நியமல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் திருநெல்வேலியில், பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே பரமேஸ்வரன் கோயில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நல்லூர். இது ஆறுமுக நாவலரின் (1822–1879) ஊர். பலியிட்டு முனி, காடன் போன்ற தெய்வங்களை வணங்குவதை நாவலர் கடுமையாகக் கண்டித்தார். நல்லூர்க் கோயிலே ஆகம விதிப்படி இல்லை என்று அதையும் விடவில்லை. இந்த மரபில் ஊறியவர்களுக்கு முனியாண்டியைக் கும்பிட்டு வளர்ந்த மாணவரின் சமயம் சமயத்தின் முன்கட்டமாக, திருத்தப்பட வேண்டியதாகத் தெரியும். கூடவே ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனமும் வந்து சேர்வதுண்டு. ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணிலும் அண்ணமாரும் நாச்சிமாரும் சூலத்து வைரவரும் இருந்தார்கள். அண்ணமார் கோயில்கள் சில பின்னர் பிள்ளையார் கோயில்களாக மாறின. மாவிட்டபுரத்தில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், தெய்வம் யாருடையது என்ற கேள்வி அந்த ஊருக்குள்ளேயே தீராதிருந்ததைக் காட்டியது. புதிதாக வந்தவரின் தெய்வத்தைத் தாழ்த்த ஆகமத்தை ஆதாரமாகக் காட்டுவது, பாலாலயத்தை மறந்து ஆகமத்தைப் படிப்பது.

வந்தாறுமூலையில் நிலைமை இளகியது. கிழக்குப் பல்கலைக்கழகம் (1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் பல்கலைக்கழகம்) அமைந்த மட்டக்களப்பு மண்ணில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கும். பல கோயில்களில் பூசை ஆகமப்படியல்ல, பத்ததி எனப்படும் உள்ளூர்ச் சடங்குமுறைப்படி. மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார். கரகமும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவர் இங்கே விளக்கம் கேட்கவேண்டியதில்லை. கினிகத்தேனையிலிருந்து வழி நீளம், சமயம் கிட்ட.

இந்த மண்ணில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இந்தக் கேள்வியை வாழ்ந்தே பார்த்தவர். யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம், பின் இமயத்து மாயாவதி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. துறவிக்கு ஊர் இல்லை என்பது மரபு. போன இடமெல்லாம் பள்ளியோ பாடத்திட்டமோ ஆய்வோ ஏதாவது ஒரு வேலையில் அவர் வேரூன்றினார். சமாதி அமைந்ததோ மட்டக்களப்பின் கல்லடியில். ஊரைத் துறப்பதும் ஊருக்குத் திரும்புவதும் ஒரே வாழ்க்கையில் முரண்படாமல் நின்றன.

இது சைவருக்கு மட்டுமான கேள்வியும் அல்ல. தோட்டத்துக் கத்தோலிக்கர் யாத்திரை போகும் மடு மாதாவின் சிலையே அகதியாக வந்தது: ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள், 2008இல் போர் நெருங்கியபோது தேவன்பிட்டிக்கு, அதே ஆண்டில் திரும்ப மடுவுக்கு. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம், அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெயில் 1943இல் எழுதிய நூலில், வேரூன்றுதல் ஆன்மாவின் தலையாய தேவை என்றார். வேரைப் பிடுங்குபவற்றுள் பணத்தோடு அன்றைய கல்வியையும் சேர்த்தார். மலையகத்தில் இந்தக் கூற்றைத் திருத்தியே எடுத்துக்கொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் இரு நாடுகளுக்குப் பங்கிட்ட, எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை முழுக் குடியுரிமை கிடைக்காத ஒரு சமூகத்தைப் பிடுங்கியது அரசு. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் அவர்கள் தாமே தேர்ந்து போன சில வழிகளில் ஒன்று. கட்டாயத்தால் பெயர்வதும் தேர்ந்து பெயர்வதும் ஒன்றல்ல. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு வேரூன்றச் செய்யவேண்டிய வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த வேலை எதிர்த்திசையிலும் நடக்கிறது. பட்டம் பெற்று ஆசிரியராகத் திரும்புகிறவர்கள் பல தோட்டங்களில் கோயில் திருப்பணிக்கு முன்னிற்கிறார்கள். கல் இருந்த இடத்தில் விக்கிரகம், தகரக் கூரைக்குப் பதில் கோபுரம், பூசாரிக்குப் பக்கத்தில் அல்லது அவருக்குப் பதிலாகக் குருக்கள், கிடாவெட்டு நிறுத்தம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு கும்பாபிஷேகம். கல்லூரி ஊரில் ஏளனமாகப் பார்க்கப்பட்ட தெய்வத்துக்கு மதிப்புத் தேடித்தரும் ஆசை இதில் இருக்கிறது, அது நியாயமும்கூட. இழப்பும் இருக்கிறது: முனியாண்டிக்கும் ரோதை முனிக்கும் ஆகமப் பரிவார வரிசையில் இடமில்லை. சில கோயில்களில் அவர்கள் வாசலுக்கு வெளியே போயிருக்கிறார்கள், சிலவற்றில் பெயர் மாறியிருக்கிறார்கள். மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் மட்டும், குருக்கள் இல்லாத அந்தச் சடங்கைத் தோட்டத்தாரே இன்னும் நடத்திவருகிறார்கள்.