கடைத்தெருவும் மக்கள் நலமும்: ஓர் அறவியல் நோக்கு

நலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் எண்ணம் வைத்தியசாலையை நோக்கியே ஓடுகின்றது. ஆயின், ஒரு நகரத்து மக்கள் விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கன்று. பலர் தம் வீட்டிலுங்கூட அதனைக் கழிப்பதில்லை. கடையிலும் காரியாலயத்திலும் சந்தையிலும் வங்கி வரிசையிலும் பேருந்துத் தரிப்பிலுமே அப்பொழுது கழிகின்றது. இவ்விடங்களிற் பல, யாரோ ஒருவர் இலாபங் கருதி எழுப்பி வாடகைக்கு விட்ட கட்டடங்கள். அல்லது அத்தகைய கட்டடங்களின் ஓரங்கள். எனவே ஒரு வினா எழுகின்றது. இலாபத்துக்கெனக் கட்டடம் எழுப்புபவர், அதனுள் நின்று உழைப்பவரின் உடலுக்கும் அதனைக் கடந்து செல்பவரின் உடலுக்கும் ஏதேனும் கடன்பட்டவரா? அன்றி, வாடகை ஒப்பந்தத்தோடு அவர் கடன் தீர்ந்துவிடுகின்றதா?

இவ்வினா புதியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் ஏழாம் பகுதியிலே, நகருக்குரிய இடத்தைத் தெரிவு செய்கையில் முதற்கண் உடல்நலத்தையே கருதவேண்டும் என்கின்றார். நாம் எவற்றை மிகுதியாகவும் அடிக்கடியும் பயன்படுத்துகின்றோமோ அவையே நலத்துக்கு மிகவும் உதவுவன. நீரும் காற்றும் அத்தகையன என்பது அவர் காட்டும் காரணம். இக்காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மருந்தை நாம் எப்பொழுதாவது உண்கின்றோம். காற்றையோ இடையறாது உட்கொள்கின்றோம். அவ்வாறாயின், காற்று வரும் வழியை அடைக்கும் சுவர், கெட்ட மருந்தினும் குறைந்த தீங்குடையது என்று கொள்வதெப்படி? நம் இலக்கியத்திலும் இதற்கொரு துணையுண்டு. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரிலே நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரங்கள் செறிந்த சோலையில் அமைந்திருந்தது. மரங்களின் அடிகளே கடைகளுக்குக் கால்களாக நின்றன. நாளங்காடியென்பது பகலிலே கூடும் சந்தை. பகற்சந்தைக்கு நிழல் வேண்டும் என்னும் எளிய உண்மையை அந்நகரமைப்பு அறிந்திருந்தது. காவியக் கற்பனையென இதனை ஒதுக்குவாருளர். கற்பனையாயினும், நல்ல நகரம் என்றால் எப்படியிருக்கவேண்டும் என்று அக்காலத்தார் எண்ணினர் என்பதற்கு அது சான்றாகுமன்றோ?

இனி, எமது சிலாபத்துக்கு வருவோம். முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லிலிருந்து இவ்வூர்ப்பெயர் பிறந்தது என்பர். கொழும்புக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தொலைவில், மேற்கே கடலும் அருகே களப்பும் வடக்கே தெதுரு ஓயாவின் முகத்துவாரமும் சூழ அமைந்தது இந்நகர். புத்தளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் இதனூடாகவே செல்கின்றன. தேங்காயும் மீனும் கருவாடும் இதன் செல்வங்கள். உடப்பிலிருந்தும் முன்னேஸ்வரத்திலிருந்தும் சுற்றுப்புறத் தென்னந்தோட்டங்களிலிருந்தும் வரும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடைத்தெருவிலே கூடுகின்றனர். வழிபாட்டிடங்கள் வேறு, பாடசாலைகள் பெரும்பாலும் வேறு. கடைத்தெரு ஒன்றே எல்லாருக்கும் பொது.

இத்தகைய கரையோர நகரத்திலே இயற்கை ஒரு நல்ல ஏற்பாட்டைத் தானாகவே செய்து வைத்துள்ளது. பகலிலே நிலம் சூடேறக் கடற்காற்று கரைநோக்கி வீசும். பழைய கடைகள் இதனை அறிந்து எழுந்தவை. ஓட்டுக்கூரை, உயர்ந்த உட்புறம், முன்னே தெருவோடு ஒட்டிய விறாந்தை, அதற்கும் முன்னே வெயிலுக்கு ஒரு கிடுகுத்தட்டி. கடைக்கு வந்தவர் மட்டுமன்றித் தெருவால் நடந்தவரும் அந்நிழலிலே நடந்தார். இன்று எழுகின்ற மாடிக்கடைகளிற் பல தெருவின் விளிம்புவரை வந்து நிற்கின்றன. முகப்பு கண்ணாடி, பின்புறச் சாளரம் இல்லை, கூரையோ வெற்றுச் சீமெந்துத் தட்டு. பிற்பகல் வெயில் மேற்குக் கண்ணாடியூடாக உட்புகுந்து வெளியேறாது தங்கிவிடுகின்றது. பின்னர் குளிரூட்டி வருகின்றது.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றது. அதனை இயக்கும் மின்சாரத்தின் வெப்பமும் உடன் சேர்ந்தே வெளிவருகின்றது. ஆகவே உள்ளே குறைந்ததினும் கூடுதலாகவே தெருவில் வெப்பம் சேர்கின்றது. கடையின் முன்னே குடையின் கீழ் வெற்றிலை விற்கும் முதியவர், உள்ளிருப்போரின் குளிர்ச்சிக்குத் தம் உடலால் விலை கொடுக்கின்றார். ஒருவர் தம் வீட்டுக் குப்பையை அயலவர் முற்றத்திற் கொட்டினால் அது தவறு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். வெப்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்னும் ஒரு காரணத்தால் அவ்வறம் இங்கே பொருந்தாது என்று வாதிடுதல் இயலாது.

கடைக்குள்ளே நிற்பவர் நிலை வேறுவகையிற் கவலைக்குரியது. வாங்க வருபவர் அரைமணி நேரத்திற் சென்றுவிடுவார். ஆனால் துணிக்கடையில் நிற்கும் இளம்பெண் காலை முதல் இரவு வரை நிற்கின்றாள். அவளுக்கு இருக்கை இல்லை. இருக்கை வைத்தால் வாடிக்கையாளர் முன்னே சோம்பல் தோன்றுமாம்! அண்மையிற் கழிப்பறை இல்லையெனின், தாகத்தை அடக்கித் தண்ணீர் குடியாதிருக்க அவள் பழகுகின்றாள். இதன் விளைவுகளை மருத்துவர் அறிவர். தமிழ்நாட்டிலும் இந்நிலை நீண்டகாலம் இருந்தது. 2021இலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, ஊழியர்க்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. கேரளம் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2018இல், அவ்வாறு செய்தது. உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைக்கையில் வியப்பும் வெட்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. நம் நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உண்டு. ஆயினும், இருக்கைக்கும் கழிப்பறைக்கும் இடமே விடாது கட்டிய கட்டடத்திலே எந்தச் சட்டமும் பிந்தியே வந்து சேர்கின்றது. சட்டம் முதலாளியைக் கேட்கின்றது. முதலாளி கட்டட உரிமையாளரைக் காட்டுகின்றார். உரிமையாளரோ, "நான் நான்கு சுவரைத்தானே வாடகைக்கு விட்டேன்" என்கின்றார்.

இவ்விடத்திலே ஒப்பந்தவாதிகளின் கூற்றைச் சிறிது கவனித்தல் வேண்டும். எவரும் வற்புறுத்தப்படவில்லை, வாடகையாளர் விரும்பியே எடுத்தார், அப்பெண்ணும் விரும்பியே வேலைக்கு வந்தாள், ஆகவே குறைகூற இடமில்லை என்பர் அவர். இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. விருப்பம் என்பது அற்பமானதன்று. ஆனால் அவ்விருப்பம் எவற்றுள் ஒன்றைத் தெரிந்தது என்று கேட்கவேண்டும். தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் ஒரே வகையிற் கட்டப்பட்டிருக்குமாயின், அவள் தெரிந்துகொண்டது வேலையையேயன்றி வெப்பத்தையன்று. மேலும், தெருவிலே நடப்பவர் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டாரல்லர். ஒப்பந்தம் அதிற் சேர்ந்தவரையே கட்டும்; கட்டடமோ சேராதவரையும் தீண்டும். ஆதலின் கட்டடத்தின் அறம் ஒப்பந்தத்தின் அறத்தினும் அகன்றதாகவே இருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் காலத்துச் சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது. 1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. நம் கட்டட விதிகளில் வரும் 63½ பாகைக் கோணம் பலருக்கு வெறும் எண்ணாகத் தோன்றலாம். அதன் பொருள் இது: கட்டடத்தின் உயரம் அதன் முன்னுள்ள வெளியின் அகலத்தைப்போல ஏறக்குறைய இருமடங்குக்கு மேற் செல்லலாகாது, சென்றால் அயலவருக்கு வானம் மறைந்துவிடும். கேத்திர கணிதத்தில் எழுதப்பட்ட அறம் என்று இதனை யான் கருதுகின்றேன். ஒருவர் தம் நிலத்தில் தாம் விரும்பியவாறு கட்டலாம். ஆனால் அயலவர் வானத்தை எடுத்துக்கொள்ளலாகாது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தபின் விதிகள் பெருகின. விதிகள் பெருகப் பெருக, அவை எதற்காகத் தோன்றின என்னும் நினைவு மட்டும் தேய்ந்துவிட்டது.

பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் இத்தொடர்பில் நினைவுகூரற்பாலர். உயிரியல் கற்று நகரமைப்புக்கு வந்தவர் அவர். 1914இற் சென்னைக்கு வந்து, 1915இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். 1921இற் கொழும்புக்கும் ஒரு திட்டம் வரைந்தார். நெருக்கமான தெருக்களை முற்றாக இடித்து அகலப்படுத்துவதை அவர் எதிர்த்தார். கெட்டுப்போன சில கட்டடங்களை மட்டும் நீக்கி, அங்கே ஒரு மரத்தையும் சிறு வெளியையும் வைத்தாற் செலவு குறையும். மக்களும் இடம்பெயரார் என்றார். சிலாபம் போன்ற நகருக்கு இம்முறையே ஏற்றது. பெருநகரத்துத் திட்டங்களின் நிழற்படிகள் நமக்கு வேண்டா.

இக்காலத்திலே மேலைநாடுகளில் வேறொரு போக்கு எழுந்துள்ளது. நலந்தரும் கட்டடம் என்று சான்றிதழ் வழங்கும் 'வெல்' என்னும் தரநியமம் 2014இலே வெளியிடப்பட்டது. காற்று, நீர், ஒளி, உணவு, உடற்பயிற்சிக்கு ஏற்ற அமைப்பு என்பவற்றை அளந்து அது தரங் கொடுக்கின்றது. இதன் பின்னணியில் ஆய்வுகள் உண்டு. ரொஜர் உல்ரிச் என்பார் 1984இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது: பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேரில், சாளரத்தூடாக மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களிலும் விரைவில் வீடு திரும்பினர், வலிநீக்கும் கடுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மரம் அழகுக்கு மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் சான்றிதழ் பெற்ற கட்டடத்தின் வாடகை உயர்கின்றது. உயர்ந்த வாடகை கொடுக்கவல்ல நிறுவனத்தார் நல்ல காற்றை வாங்கிக்கொள்கின்றனர். காற்று ஓர் ஆடம்பரப் பொருளாகின்றது. நலத்தை விற்பதிலே தவறில்லை என்பாரை யான் முற்றாக மறுக்கவில்லை, மருந்தும் விற்கப்படுகின்றது. ஆயின், பிறர்க்குத் தீங்கு செய்யாதிருத்தலை ஒரு சிறப்புச் சரக்காக்கி அதற்கு விலை கேட்பது, கலப்படமற்ற பாலுக்குத் தனிவிலை கேட்பதை ஒக்கும்.

இதன் மறுபக்கத்தில் நம்மூர் வழக்கம் நிற்கின்றது. கோயில் திருவிழாக் காலங்களிலே நம் வணிகர் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, வழிப்போக்கர்க்கு நிழலும் நீரும் வழங்குகின்றனர். இது போற்றத்தக்க தருமமே. ஆனால் தருமம் செய்பவர் விரும்பும்போது தொடங்கி, விரும்பும்போது முடியும். பெறுபவர் அதனைக் கேட்டுப் பெறமுடியாது. ஆவணியிற் பந்தலிட்டவர் பங்குனி வெயிலில் தம் கடையின் வெப்பக்காற்றை அதே வழிப்போக்கர்மீது ஊதுவாராயின், முன்னது பின்னதைக் கழித்துவிடுமா? கழிக்காது என்பதே என் துணிபு.

செலவு மிகும் என்னும் தடையும் கூறப்படும். கொழும்பிலே ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடத்தை இதற்கு விடையாகக் காட்டலாம். பன்னிரண்டளவு மாடிகள் கொண்ட அக்காரியாலயம், காற்று வீசும் திசையை நோக்கித் தன் வடிவை அமைத்துக்கொண்டது. சாளரங்களின் கீழ் உள்ள இடைவெளிகளூடாகக் காற்று உட்புகுந்து செல்ல வகைசெய்தது. மாடிக்கட்டடத்துக்கே இது இயலுமாயின், இரண்டு தட்டுக் கடைக்கு இயலாதென்பது ஏற்கத்தக்கதன்று. மேற்குச் சுவருக்கு ஒரு நீண்ட இறவாணம், பின்புறம் ஒரு திறப்பு, முன்னே நான்கடி விறாந்தை: இவை செல்வர்க்கே உரியனவல்ல.

காற்றைப்போலவே நீரையும் நோக்கவேண்டும். களப்போரத்துத் தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்பிக் கடை கட்டினால், அந்நிலம் முன்பு ஏந்திய நீர் மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் வீட்டுக்குச் செல்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது தெதுரு ஓயா பெருக்கெடுத்தது. சிலாபம் வைத்தியசாலையையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. அத்தகைய பெருமழையை எந்த நகரமைப்பும் முற்றாகத் தடுத்துவிடாது. எல்லாப் பழியையும் கடைகள்மேற் போடுவது நேர்மையுமன்று. ஆயினும் நோயாளரைக் காக்கும் இடமே நீரில் நிற்கும்போது, நலம் வைத்தியசாலைக்குள் மட்டும் இருப்பதன்று என்பது விளங்குகின்றது. இறால் வளர்ப்புக்கெனப் புத்தளம் மாவட்டத்திலே பெருமளவு கண்டற்காடுகள் அழிந்தபின், அவற்றின் அருமையை உணர்த்த 2016இற் சிலாபத்தையடுத்த பம்பலவிலே கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அழித்தபின் அருங்காட்சியகம் அமைப்பது நம் காலத்தின் இயல்பு போலும்!

இத்தனையும் கூறியபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. அதனை மறைத்தல் தகாது. தெரு நிழலுடையதாய், நடக்க இனியதாய் அமைந்தால் மக்கள் கூடுவர். மக்கள் கூடினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால், யாருக்காக நிழல் வேண்டுமென்று வாதிட்டோமோ அந்த வெற்றிலைக்காரரும் கருவாட்டுக்காரியும் சிறு தையற்காரரும் அங்கிருந்து அகல நேரும். நலம் வந்த தெருவிலே நலிந்தோர் இல்லாது போவர். ஆகையால் கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் நகரசபை இறவாணத்தையும் கழிப்பறையையும் ஊழியரின் இருக்கையையும் மட்டும் கேட்டால் போதாது. விறாந்தையின் ஒரு பகுதி சிறு வியாபாரிக்கு நெடுங்காலக் குத்தகையில், உயர்த்தலாகாத வாடகைக்கு ஒதுக்கப்படவேண்டுமென்றும் விதித்தல் வேண்டும். உரிமையாளர் இதனை அநீதியென்பார். தெருவைச் செப்பனிட்டதும் வடிகால் வெட்டியதும் மரம் நட்டதும் மக்கள் வரியாலாயின், அவற்றால் ஏறிய வாடகை முழுவதும் தமக்கே உரியது என்பதை அவர்தாம் நிறுவிக்காட்டவேண்டும்.